கடன் எனக்கு, பாயிண்ட் யாருக்கு?

இது 2004-க்கும் 2006-க்கும் நடுவில் திண்டுக்கல்லில் நடந்தது. எனக்கு இப்போது அறுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. எத்தனையோ விஷயங்களை மறந்துவிட்டேன், எத்தனையோ பேரை மன்னித்தும் விட்டேன். இது ஒன்றை மட்டும் முடியவில்லை. கைப்பேசியில் ‘எங்கள் கார்டை வாங்குங்கள், பாயிண்ட்களை அள்ளுங்கள்’ என்று விளம்பரம் வந்தால் போதும், அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிக்கொண்டு வரும்.

நான் அப்போது ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. என் கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. பேகம்பூர் பக்கம் வீடு. ஒரே மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு சம்பளம் வந்ததால் பெரிய கஷ்டம் எதுவும் இல்லை.

எங்கள் ஊரில் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களை அப்போதெல்லாம் தேடித்தான் பார்க்க வேண்டும். சம்பளக்காரர்களின் முகவரியை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு மதுரையிலிருந்து இளைஞர்கள் பைக்கில் வருவார்கள். அப்படி ஒருவர் மே மாத வெயிலில், கழுத்தில் டை கட்டிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பார்க்கவே பாவமாக இருந்தது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து நன்னாரி சர்பத் கொடுத்தேன். அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எங்கள் தலையில் மிளகாய் அரைக்க ஆரம்பித்தார்.

அவரிடம் இரண்டு வகைக் கார்டு இருந்தது. ஒன்றில், நாம் செய்கிற செலவில் சிறு பகுதியை மாதாமாதம் பில்லிலேயே கழித்துவிடுவார்கள். கேஷ் பேக் என்றார். மற்றொன்றில் செலவுக்கு ஏற்ப பாயிண்ட் ஏறும். சேர்த்துவைத்துப் பொருளாக வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பளபளவென்று ஒரு புத்தகம் வைத்திருந்தார். ஹாட் பாக்ஸ், மிக்சி, கைக்கடிகாரம், சூட்கேஸ் என்று பக்கம் பக்கமாகப் படம். கடைசிப் பக்கத்தில் ஒரு விமானம்.

அந்தக் கடைசிப் பக்கத்திலேயே என் கணவர் விழுந்துவிட்டார். அவர் விமானத்தில் ஏறியதில்லை. மதுரையில் விமான நிலையத்துப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனால்கூட, சாப்பாட்டுப் பந்தியை விட்டுவிட்டு வெளியே வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். காசு கொடுத்து டிக்கெட் எடுக்க மனசு வராது. வீட்டுக்கடன் கட்டுகிறவனுக்கு எதற்கு அந்த ஆடம்பரம் என்பார். இனாமாக வந்தால் அது ஆடம்பரம் இல்லையே.

எனக்கு கேஷ் பேக்தான் சரி என்று பட்டது. மாதாமாதம் கைக்கு வந்துவிடும், அதோடு பேச்சு முடிந்தது. பாயிண்ட் என்பது அவர்கள் கையில் இருக்கிற வரைக்கும் அவர்களுடையதுதானே. இதைத்தான் சொன்னேன்.

என் கணவர் சிரித்தார். “டீச்சரம்மா, நீ சொல்ற காசு வந்த சுவடு தெரியாம மளிகைக்குப் போயிரும். இது அப்படியே சேந்து கிடக்கும்ல. ஒருநா ரெண்டு பேரும் ஏறி உக்காந்து சென்னைக்குப் போயிட்டு வருவோம்.”

அந்த முகத்தைப் பார்த்துவிட்டு எப்படி வேண்டாம் என்பது? சரி என்றேன். ஆனால் என் பெயரிலும் ஒன்று வேண்டும், எனக்கும் சம்பளச் சீட்டு இருக்கிறது என்றேன். அதற்கு அந்த டைக்காரர் சொன்ன பதில் இப்போதும் காதில் இருக்கிறது.

“உங்களுக்குத் தனியா எதுக்கு மேடம்? சார் பேர்ல மெயின் கார்டு போட்டுருவோம். அதோட சேந்த துணைக் கார்டு, ஆட்-ஆன் கார்டு, உங்களுக்கு ஃப்ரீ. ரெண்டு பேரு செலவும் ஒரே எடத்துல சேந்தாத்தான் பாயிண்ட் சீக்கிரம் ஏறும்.”

கணக்குப்படி அது சரிதான். அதனால் நானும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டேன். சில வாரங்களில் இரண்டு கார்டுகள் வந்தன. என்னுடையதில் என் பெயர்தான் அச்சாகியிருந்தது. அதைப் பார்த்து, எனக்கும் ஒரு கார்டு இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு என் கணவர் அடித்த கூத்தைச் சொல்லி மாளாது. கார்டு தேய்க்கிற மிஷின் இருக்கிற கடையாகத் தேடித் தேடிப் போவார். மிஷின் இல்லாத கடையில் நல்ல துணி கிடைத்தாலும் வாங்கமாட்டார். சில கடைக்காரர்கள் கார்டு என்றால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் கூடக் கேட்பார்கள். பெட்ரோல் போட்டால் அதற்குத் தனியாக ஒரு கட்டணம். இப்படிக் கூடக் கொடுக்கிற காசுக்குப் பாயிண்ட் ஈடாகுமா என்று நான் கேட்டால், உன் கணக்கைப் பள்ளிக்கூடத்தோடு வைத்துக்கொள் என்பார்.

சொந்தக்காரர் யார் எதை வாங்கினாலும் இவர் முன்னால் போய் நிற்பார். நம்ம கார்டில் போட்டுவிடுவோம், எனக்குக் காசாகக் கொடுத்துவிடுங்கள் என்பார். ரெட்டியார்சத்திரத்தில் அவருக்குச் சித்தப்பா மகன் ஒருவர், எனக்குக் கொழுந்தன் முறை, தக்காளியும் கத்தரியும் போடுகிற விவசாயி. அவர் கிணற்றுக்கு மோட்டார் வாங்க மதுரைக்குப் போனபோது இவர் லீவு போட்டுவிட்டுக் கூடப் போனார். அந்த மோட்டாரால் கொழுந்தனுக்குத் தண்ணீர் ஏறியது, எங்களுக்குப் பாயிண்ட் ஏறியது என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒரு மாதம்கூடப் பில் கட்டத் தவறியதில்லை. கெடுவுக்கு முன்பே போய் முழுத் தொகையையும் கட்டிவிடுவார். வீட்டுச் செலவில் பெரும்பகுதி என் கார்டில்தான் ஓடியது. மளிகை, துணிமணி, மகளுக்கு வேண்டியது எல்லாம் நான் வாங்கி, நான் கையெழுத்துப் போட்டவை. பில்லுக்கு என் சம்பளமும் சேர்ந்துதான் போகும்.

இரண்டு வருடம் கழித்து வங்கியின் எண்ணுக்குப் போன் போட்டுக் கேட்டார். இரண்டு டிக்கெட்டுக்கு வேண்டிய அளவு சேர்ந்துவிட்டது என்று சொன்னார்களாம். போனை வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்து, கிறிஸ்துமஸ் லீவில் போகிறோம், உன் பெட்டியை இப்போதே தேடி எடு என்றார். உடனே டிக்கெட்டாக மாற்றிவிடுங்கள் என்று அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். லீவு முடிவாகட்டும், அவசரம் என்ன என்று இருந்துவிட்டோம்.

அந்த அக்டோபரில் அலுவலக வேலையாகச் செம்பட்டிக்குப் போனவர், நெஞ்சு வலிக்கிறது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். கூட வேலை பார்த்தவர்கள் திண்டுக்கல்லுக்குக் கொண்டுவந்தார்கள். இங்கே முடியாது என்று மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரி. முன்பணம் கட்டினால்தான் மேற்கொண்டு ஏதும் செய்வோம் என்றார்கள். என்னிடம் பஸ்ஸுக்கு வைத்திருந்த காசைத் தவிர ஒன்றும் இல்லை. கைப்பையில் கார்டு இருந்தது. நீட்டினேன். மிஷின் சீட்டைத் துப்பியது, கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

இரண்டாம் நாள் விடிகாலை அவர் போய்விட்டார். உடலை வாங்குவதற்கு முன் மீதிப் பணத்தைக் கட்டச் சொன்னார்கள். அதற்கும் அதே கார்டு, அதே கையெழுத்து.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் போய், மகளும் விடுதிக்குத் திரும்பிய பிறகு வங்கிக்குப் போன் செய்தேன். அவர் இறந்த செய்தியைச் சொல்ல வேண்டும், பாக்கி எவ்வளவு என்று தெரிந்து கட்டிவிட வேண்டும் என்பதுதான் நினைப்பு. பாயிண்ட் ஞாபகம் சத்தியமாக எனக்கு இல்லை. பேசிய பெண்தான் எதையோ படிக்கிற மாதிரி வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இரண்டு கார்டுகளும் ரத்து. பாக்கி முழுவதையும் கட்ட வேண்டும். சேர்ந்திருக்கிற பாயிண்ட் எல்லாம் இன்றோடு காலாவதி.

எதற்குக் காலாவதி என்று கேட்டேன். மெயின் கார்டுக்காரர் இறந்துவிட்டால் அப்படித்தான் என்றாள். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு, இந்த நாள் இனிய நாளாகட்டும் என்று வாழ்த்திவிட்டு வைத்தாள். தாலி கழற்றிய கழுத்தோடு நின்ற எனக்கு இனிய நாளாம்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சொல்லச் சொன்னதைச் சொல்கிற பிள்ளை. அடுத்து வந்தவர்களை நினைத்தால்தான் உடம்பு எரிகிறது.

இறப்புச் சான்றிதழ் கைக்கு வரட்டும், அதைக் கொடுத்துவிட்டுக் கட்டலாம் என்று இருந்தேன். அதற்குள் கெடு தாண்டிவிட்டது. பாக்கி வசூலிக்கிறவர் என்று ஒருவர் வீட்டுக்குப் போன் செய்தார். சார் இருக்கிறாரா என்றார். இறந்துவிட்டார் என்றேன். சரி, பணம் எப்போது வரும் என்றார். இரண்டு கேள்விக்கும் நடுவில் ஒரு மூச்சுகூட விடவில்லை. மறுநாள் மறுபடியும். முப்பதாம் நாள் பூசைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது மறுபடியும். அப்புறம் பள்ளிக்கூடத்து ஆபீஸ் போனுக்கே கூப்பிட்டு, உங்கள் டீச்சர் ஒருவர் கடன் கட்டாமல் ஏமாற்றுகிறார் என்று சொல்லியிருக்கிறார். தலைமை ஆசிரியையான சிஸ்டர் ரிசீவரை என் கையில் கொடுத்தார். அந்த அறையில் சுற்றி நின்றவர்கள் எல்லாம் வேறு பக்கம் பார்த்தார்கள். இருபத்தைந்து வருடம் தலை நிமிர்ந்து நடந்த பள்ளிக்கூடம் அது.

அன்று அந்த ஆள் சொன்னதைக் கேளுங்கள். நானும் கேட்டேன், கார்டு என் கணவர் பெயரில்தானே, என்னை ஏன் இப்படி விரட்டுகிறீர்கள் என்று.

“ஆஸ்பத்திரி பில்லுல கையெழுத்துப் போட்டது யாரு? நீங்கதான? அப்ப நீங்கதான் கட்டணும்.”

அதுவரை எனக்கு இருந்தது துக்கம். அந்த நிமிஷத்தில்தான் அது கோபமாக மாறியது. கடன் என்று வந்தால் கையெழுத்தைப் பார்க்கிறார்கள், பாயிண்ட் என்று வந்தால் பெயரைப் பார்க்கிறார்கள். கணக்கு ஆசிரியை நான். இப்படி ஒரு கணக்கை ஏழாம் வகுப்புப் பிள்ளை போட்டாலும் வெளியே நிறுத்துவேன்.

கொழுந்தனுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே தக்காளிச் சந்தையை விட்டுவிட்டு வந்தார். இரண்டு பேரும் மதுரைக்குப் பஸ் ஏறினோம். வங்கியின் பெரிய கிளை அங்கேதான். உள்ளே ஜில்லென்று குளிரூட்டியிருந்தார்கள். மேலாளருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். மரியாதையாகத்தான் உட்காரச் சொன்னார். உங்கள் இழப்பைப் புரிந்துகொள்கிறோம் என்று இங்கிலீஷில் சொன்னார். சான்றிதழை வாங்கிப் பார்த்தார். பிறகு பாக்கி, அதற்கு வட்டி, தாமதக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகை சொன்னார்.

ஆஸ்பத்திரிக்கு ஆனதை இப்போதே கட்டுகிறேன் என்றேன். அது என் கணவருக்குச் செய்த வைத்தியம், அதில் ஒரு பைசா பாக்கி வைக்கமாட்டேன். ஆனால் சாவு வீடாகக் கிடந்த நாளுக்கெல்லாம் வட்டி கேட்டால் தரமுடியாது. அடுத்து பாயிண்டைக் கேட்டேன்.

“அது உங்க சொத்து இல்ல மேடம். பேங்க் குடுக்குற ஒரு சலுகை. கார்டு ஹோல்டர் இருந்தாத்தான் சலுகை. நீங்க இத சென்டிமென்டலா பாக்குறீங்க” என்றார்.

“நான் கணக்காத்தான் பாக்குறேன் சார்” என்றேன். “சீட்டுல கையெழுத்து என்னுது, அதனால கடன் என்னுதுங்கிறாரு உங்க ஆளு. சரி, ஒத்துக்கிறேன். அதே கையெழுத்துக்குத்தான பாயிண்ட்டும் ஏறுச்சு? அது மட்டும் எப்படி அவரோட போகும்? கடன் எனக்குன்னா பாயிண்ட்டும் எனக்கு. பாயிண்ட் அவருதுன்னா கடனையும் அவர்கிட்டப் போயிக் கேளுங்க.”

நான் சத்தம் போடவில்லை. வகுப்பில் பேசுகிற குரல்தான். ஆனால் வகுப்புக் குரல் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும். வரிசையில் நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேலாளர் கண்ணாடி அறைக்குள் வந்து பேசலாம் என்று எழுந்தார். இங்கேயே பேசுவோம் என்றேன். விதிமுறையில் இருக்கிறது, நீங்கள் கையெழுத்துப் போட்டதுதான் என்றார். கார்டு விற்க உங்கள் ஆள் வீட்டுக்கு வந்தபோது இதைச் சொன்னாரா என்று கேட்டேன்.

பக்கத்தில் இருந்த கொழுந்தன் வாயைத் திறந்தார். “மதினி, தப்பா நெனைக்காதீங்க” என்று என்னிடம் சொல்லிவிட்டு மேலாளரைப் பார்த்தார். “சார், மாடு செத்துப்போனா இனிமே பாலு இல்லைங்கிறது ஞாயம். கறந்து வச்ச பாலும் இல்லைங்கிறீங்களே, அது எந்த ஊரு ஞாயம்?”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். மேலாளருக்கு முகம் சிவந்துவிட்டது. பிறகு யாருக்கோ போன் செய்து இங்கிலீஷில் மெதுவாகப் பேசினார். வட்டியையும் தாமதக் கட்டணத்தையும் விட்டுவிடலாம் என்றார். பாயிண்ட் விஷயத்தில் மட்டும் கையை விரித்தார். அது தன் கையில் இல்லையாம். யார் கையில் இருக்கிறது என்று கேட்டால் அதுவும் அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரம். பறிப்பதற்கு எல்லாருக்கும் அதிகாரம் இருக்கிறது, திருப்பிக் கொடுப்பதற்கு ஒருவருக்கும் இல்லை.

காசோலை எழுதினேன். இனி எந்தப் பாக்கியும் இல்லை என்று முத்திரை வைத்து எழுதிக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் போன் செய்ததற்கு சிஸ்டரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னேன். அந்த மேலாளர் என் கண் முன்னாலேயே பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டு வருத்தம் தெரிவித்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு நான் செய்கிற அநியாயம்.

கடைசியாகக் கார்டுகளைக் கேட்டார். இரண்டையும் மேசைமேல் வைத்தேன். கத்தரிக்கோலை எடுத்து என்னுடையதை வெட்டினார். அடுத்து என் கணவருடையதை எடுத்து, பெயரின் குறுக்கே ஒரே வெட்டு. எல்லாத் துண்டுகளையும் காலடியில் இருந்த குப்பைக்கூடையில் போட்டார். வேலை நடக்கிற வேகத்தில் செய்தார், வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் எனக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை. குனிந்து, கூடைக்குள் கையை விட்டு, அவர் பெயர் இருந்த துண்டுகளைத் தேடி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதைத் திருப்பிக் கேட்கக் கூடாது என்று மேலாளருக்கும் தெரிந்திருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தார். அந்த மோட்டாரை நான் காசுக்கே வாங்கியிருக்கலாம் மதினி என்றார். அவருக்கு என்ன சொல்வது?

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஒரு மாதம் கழித்துக் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பிரித்தால், ஒரு ஹாட் பாக்ஸ் செட். எங்கள் நீண்டகால உறவைப் பாராட்டி ஓர் அன்பளிப்பு என்று ஓர் அட்டை, அதுவும் என் கணவர் பெயருக்கு. செத்தவருக்குப் பாயிண்ட் சேராது, ஹாட் பாக்ஸ் மட்டும் சேருமா? அன்று மாலையே கட்டித் திருப்பி அனுப்பினேன். அனுப்பும் செலவை என் கையிலிருந்துதான் கொடுத்தேன். அந்தச் செலவுக்கு நான் வருந்தவே இல்லை.

நுகர்வோர் மன்றத்துக்குப் போங்கள் என்று சிலர் சொன்னார்கள். விசாரித்தேன். வழக்கறிஞர் ஒருவர் விதிமுறைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுதியிருக்கிறதே அம்மா, நிற்காது என்றார். எறும்பு மாதிரி எழுத்தில், இங்கிலீஷில், கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் எழுதியிருந்தது உண்மைதான். எழுதி வைத்துவிட்டால் அநியாயம் நியாயமாகிவிடும் போல.

ஓய்வு பெறுவதற்கு முன்னால் ஒருநாள் எங்கள் ஆசிரியர் அறைக்கு இன்னொரு டைக்காரர் வந்தார். வேறு வங்கி, அதே பளபளப்புப் புத்தகம். புதிதாகக் கல்யாணமான அறிவியல் ஆசிரியை ஒருத்தி ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஹஸ்பெண்ட் பேரில் மெயின் கார்டு, உங்களுக்கு ஆட்-ஆன் என்று அவர் தொடங்கியதும் விடைத்தாளை மூடிவைத்துவிட்டு எழுந்தேன். சேர்ந்த பாயிண்ட் யாருக்குச் சொந்தம், மெயின் கார்டுக்காரர் இல்லாமல் போனால் அது என்னாகும் என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அப்படியெல்லாம் அபசகுனமாகப் பேசலாமா மேடம் என்று சிரித்து மழுப்பினார். அபசகுனம் இல்லை, உங்கள் புத்தகத்தில் இருக்கிறது, எடுத்துப் படியுங்கள் என்றேன். புரட்டினார். படித்தார். அவருக்கே அன்றுதான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன், முகம் அப்படி இருந்தது.

அந்தப் பெண் தன் சம்பளச் சீட்டைக் கொடுத்து, தன் பெயரிலேயே கேஷ் பேக் கார்டு ஒன்றை வாங்கினாள். எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

இப்போது உறவுக்காரப் பெண்கள் பலர் எந்தக் கார்டு நல்லது, பணமாக வருவதா, பாயிண்ட்டாக வருவதா என்று என்னிடம் கேட்பதுண்டு. அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் அது யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள் என்கிறேன். சம்பாதித்த பெண்ணை, செலவு செய்து, கையெழுத்துப் போட்டு, பில்லையும் கட்டிய பெண்ணை, ஒரு மனிதர் கண்ணை மூடியதும் நீ யார் என்று கேட்கிற ஒரு விதி இந்த நாட்டில் எங்காவது பொடி எழுத்தில் அச்சாகிக்கொண்டே இருக்கிற வரைக்கும், என் கோபம் ஆறக் கூடாது என்றுதான் நான் தினமும் ஜெபிக்கிறேன்.